முதல் ராசா, இரண்டாம் ராசா

நடுச்சாமம் தாண்டியதும் ராசா திரைக்குப் பின்னால் போவார். கொஞ்ச நேரம் மத்தளமும் தாளமும் மட்டும் கேட்கும். பிறகு திரை விலகும். வருகிறவரும் ராசாதான். அதே முடி, அதே பெயர், விட்ட இடத்திலிருந்து தொடரும் அதே துக்கம். ஆள் மட்டும் வேறு. போனவர் நெட்டை, வந்தவர் கட்டை. போனவருக்குக் கணீரென்ற குரல், வந்தவருக்குக் கொஞ்சம் அடித்தொண்டை. மணலில் பாய் விரித்து இருக்கிற சனத்தில் ஒருவர்கூட ராசா ஏன் மாறினார் என்று கேட்கமாட்டார். அவர்கள் கேட்பது வேறு கேள்வி: "முதல் ராசா திறமோ, ரெண்டாம் ராசா திறமோ?"

இலங்கையின் மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையில் மாதோட்டத்திலும் கத்தோலிக்கக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. இதே கேள்வியை லண்டன் பக்கத்தில் ஒரு நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்தபோதுதான் தெரியவந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பெடியன். விறாந்தையில் இருந்தபடி, "உங்கட டொக்டர் ஆர் மாமா?" என்றான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தார். அவன் கேட்டது ஆசுப்பத்திரி டொக்டரை அல்ல. 'டொக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடரில் காலத்துக்குள்ளும் வெளிக்குள்ளும் பயணம் செய்யும் வேற்றுலகத்து மனிதரை. அந்த வேடத்தைக் கட்டியவர்களில் உனக்குப் பிடித்தவர் யார் என்பதுதான் அவனுடைய ஊரில் அந்தக் கேள்விக்குப் பொருள். பதிலைச் சொன்னால் உன் வயதையும் சொல்லிவிடுவார்களாம்.

ஒரு வேடத்தைப் பலர் கட்டும்போது நமக்கு ஒருவரை மட்டும் ஏன் பிடித்துப்போகிறது? முகத்தாலா, குரலாலா, முதலில் கண்டவர் என்பதாலா? இதற்கு லண்டன்காரர்களின் விடை ஒன்று. எங்கள் ஊர்க் கூத்துக் கொட்டகை தரும் விடை இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போவதில்லை.

முதலில் எங்கள் ஊர்ச் சங்கதி. மன்னார்ப் பகுதிக் கூத்தில் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என்று இரண்டு உண்டு. முன்னதை வடபாங்கு என்றும் பின்னதைத் தென்பாங்கு என்றும் சொல்வார்கள். நீண்ட பாட்டு நாடகங்கள் ஒருபுறம், அவற்றைவிடச் சுருக்கமான வாசாப்பு மறுபுறம். கதைகள் பெரும்பாலும் அர்ச்சிஷ்டவர்களுடையவை, வேதாகமத்தினுடையவை, அல்லது கடல் கடந்து வந்த ராசகதைகள். 'எண்டிறீக்கு எம்பரதோர்' என்ற பெயரை முதன்முதலில் கேட்கிறவர் திகைத்துப்போவார். ஹென்றி என்ற பேரரசரின் போர்த்துக்கேயப் பெயர் மாதோட்டத்து நாக்கில் உருண்டு அப்படி ஆகிவிட்டது. 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய எம்பரதோர் மட்டும் போகவில்லை. 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' போன்றவையும் இந்த வட்டாரத்துக்குச் சொந்தமானவை. 1960களில் இவற்றில் சில அச்சேறியபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்த வேலையில் முன்னின்றார். அதுவரை இவை கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் ஏட்டிலும் நினைவிலும் இருந்தவை.

இந்த நாடகங்களில் ராசா ஒருவர் என்றால் நடிகர் ஒருவர் என்று கணக்குப் போடக் கூடாது. தலைமை வேடங்களை இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது குரலைத்தான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடற்காற்றை எதிர்த்து, விடிய விடியப் பாட்டுப் படிப்பதற்கு ஒரு தொண்டை காணாது. (எங்கள் பக்கத்தில் கூத்துப் பாட்டைப் பாடுவதில்லை, படிப்பதுதான்.) கதையின் நீளமும் ஒரு காரணம். இளவரசனாகத் தொடங்குகிறவர் விடியும்போது கிழவராகிவிடுவார். இளமைக்கு ஓர் ஆளையும் முதுமைக்கு ஓர் ஆளையும் விடுவது வசதி.

இவையெல்லாம் சரிதான். ஆனால் இதற்குள் இன்னொரு காரணம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். கூத்துப் போடுவது கோயில் பெருநாளுக்கு, பல வேளைகளில் நேர்த்திக்கு. மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு ஆள் ஒருவர் மேடையில் நிற்க வேண்டும் என்று பார்க்கும். ராசா ஒருவர் என்றால் ஒரு குடும்பத்துக்குத்தான் சந்தோசம். ராசா இருவர் என்றால் இரண்டு குடும்பம், இரண்டு வாசல், இரண்டு பகுதிச் சனம். அண்ணாவியார் பாட்டுக் கற்றுக்கொடுப்பவர் மட்டும் என்று நினைப்பவர்கள் வேடம் பிரிக்கும் நாளில் அவர் படும் பாட்டைப் பார்த்திருக்கமாட்டார்கள். குரலை வைத்துச் சொல்லும் நியாயம் அவருக்குக் கைகொடுக்கும் நியாயம்.

இனி லண்டன். 'டொக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் தொடங்கியது. முதல் டொக்டர் வில்லியம் ஹார்ட்னல் என்ற வயதான நடிகர். சிடுசிடுத்த கிழவனார் வேடம். மூன்று வருடத்துக்குள் அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. வசனம் மறந்தது. தொடரோ நல்ல பேர் எடுத்துவிட்டது. நிறுத்த மனமில்லை. தயாரிப்பாளர் இன்னஸ் லொயிட்டும் கதைப் பொறுப்பாளர் ஜெரி டேவிஸும் ஒரு வழி பார்த்தார்கள். இவர் மனிதர் இல்லையே, வேற்றுலகத்தவர்தானே, உடம்பு தளர்ந்தால் புது உடம்பு எடுக்கட்டும். 1966 ஒக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் தரையில் விழுந்தார். ஒளி பரவியது. எழும்பியது பற்றிக் ட்ரவுட்டன். ஒருவரைப் போல இன்னொருவரை நடிக்கச் செய்யும் வழக்கமான ஏமாற்றை அவர்கள் செய்யவில்லை. ஆள் மாறினார் என்பதையே கதையாக்கினார்கள். மூத்தவர் கண்டிப்பானவர் என்றால் இளையவர் கோமாளித்தனமும் தந்திரமும் கலந்தவர். உடையும் நடையும் வேறு. பெயர் மட்டும் டொக்டர்.

2025 வரை கணக்கெடுத்தால் எண்ணிட்ட வரிசையில் 15 டொக்டர்கள். நடிகர்களோ 14 பேர்தான், ஏனென்றால் டேவிட் டெனன்ட் பத்தாவதாகவும் வந்தார், பதினான்காவதாகவும் வந்தார். இதில் 2013இல் இடையே நுழைந்த ஜோன் ஹேர்ட்டைச் சேர்ப்பதா, 2020இல் மறைந்திருந்த டொக்டராக வெளிப்பட்ட ஜோ மார்ட்டினைச் சேர்ப்பதா என்ற வழக்கு வேறு நடக்கிறது. எங்கள் ஊரிலும் கடைசி நேரத்தில் காய்ச்சல்காரருக்குப் பதிலாக ஒரு காட்சிக்கு முடி வைத்தவரை 'ராசா ஆடியவர்' என்று சொல்லலாமா என்பது ஆளைப் பொறுத்த விசயம். அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லலாம்.

இந்த வரிசையில் ரசிகர்களின் விருப்பத்தில் நெடுங்காலம் முதலிடம் டொம் பேக்கருக்கு. 1974 முதல் 1981 வரை ஏழு வருடம், வேறெவரையும்விட நீண்ட காலம் அந்த வேடத்தில் நின்றவர். தெரிவானபோது கட்டட வேலையில் கூலியாக இருந்தார். அவருடைய மிக நீளமான சால்வைக்கும் ஒரு கதை உண்டு. பின்னித் தரச் சொல்லி ஒரு அம்மாவிடம் நூலைக் கொடுத்தார்களாம். எவ்வளவு பின்னுவது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா, கொடுத்த நூல் முழுவதையும் பின்னிவிட்டார். அந்தச் சால்வையே பிறகு டொக்டரின் அடையாளம் ஆயிற்று. 2005இல் தொடர் மறுபடி தொடங்கிய பிறகு டெனன்ட் வந்தார். வாசகர் வாக்கெடுப்புகளில் பேக்கரை முந்தத் தொடங்கினார்.

இந்த இருவருக்கும் நடுவில்தான் எனக்குப் பிடித்த சங்கதிகள் கிடக்கின்றன. ஆறாவது டொக்டர் கொலின் பேக்கரை 1986இல் விலக்கிவிட்டார்கள். அடுத்தவருக்கு உடம்பு மாற்றிக் கொடுக்கும் காட்சிக்கு மட்டும் வரச் சொன்னபோது அவர் வரவில்லை. வரமாட்டார்தானே? அதனால் ஏழாமவர் சில்வெஸ்டர் மெக்கோயே ஆறாமவரின் சுருட்டை முடியைத் தலையில் மாட்டிக்கொண்டு தரையில் கிடந்தார். பழைய ராசாவும் அவரே, புது ராசாவும் அவரே. இதை எங்கள் அண்ணாவிமாருக்குச் சொன்னால் வியக்கமாட்டார்கள். கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்ட ராசாவை அவர்களும் கண்டிருப்பார்கள்.

பிடித்தவர் யார் என்ற கேள்விக்கு லண்டன் தரும் விடை எளிது. சிறுவயதில் முதலில் கண்டவரே நம்முடையவர். இதற்குச் சாட்சியும் உண்டு. டெனன்ட் பொடியனாக இருந்தபோது அந்தத் தொடரைப் பார்த்துத்தான் நடிகனாக ஆசைப்பட்டார். பன்னிரண்டாவது டொக்டரான பீற்றர் கப்பால்டி பள்ளிக்கூட வயதில் தொடரைப் பற்றி 'ரேடியோ ரைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதியவர். 1974இல் அது அச்சில் வந்தது. மேடைக்கு முன்னால் பாயில் நித்திரை கொண்ட பிள்ளைதான் இருபது வருடம் கழித்து முடி வைக்கிறான் என்பது எங்களுக்கும் தெரிந்ததே.

ஆனால் இந்த 'முதல் முகம்' என்ற விளக்கம் மன்னார்க் கூத்துக்குப் பொருந்தாது. முதல் ராசாவையும் இரண்டாம் ராசாவையும் நாம் ஒரே இரவில் பார்க்கிறோம். ஒருவரோடு வளர்ந்து மற்றவரை வெறுக்க நேரம் இல்லை. இருவருக்கும் மெட்டு ஒன்று, ஏடு ஒன்று. உடுப்பும் பல வேளைகளில் ஒன்றே. முன்னவர் முடியைக் கழற்றிய சூடு ஆறுமுன் பின்னவர் வைத்துக்கொள்கிறார். மாறுவது குரலும் ஆட்டமும்தான். ஆகவே சனத்தின் தீர்ப்பும் அங்கே போய் நிற்கிறது. "அவர் ராசாவுக்கு எடுப்பான ஆள்தான், ஆனா படிப்புக் காணாது." "இவர் கட்டை எண்டாலும் குரல் எடுத்தால் தோட்டவெளியில கேக்கும்." என் அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் கூத்துப் பார்ப்பார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்துப் பேரப்பிள்ளைகள் சிரித்தால், "பின்னவன் ரெண்டாம் அடியில இறக்கிப் படிச்சுப்போட்டான்" என்பார்.

முகத்தால் தெரிவு செய்வோரும் குரலால் தெரிவு செய்வோரும் என்று இரண்டு வகைச் சனம் உண்டு என்றுகூட நினைக்கிறேன். வேடம் எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து இந்த வகை அமைகிறது. 'டொக்டர் ஹூ' ஏன் பிழைத்தது? டொக்டருக்கு முகம் தவிர வேறு பல அடையாளங்கள் இருந்தன. நீலநிறப் பொலிஸ் பெட்டி ஒன்று, அதுதான் அவருடைய வாகனம். ரொன் கிறெயினர் எழுதி டெலியா டெர்பிஷயர் மின்னொலிகளால் உருவாக்கிய தொடக்க இசை. இவை மாறாமல் இருந்ததால் முகம் மாறலாம் என்று ஆயிற்று. பெட்டியும் இசையும் அவர்களுக்கு முடியும் மெட்டும்.

பெண் ஒருவர் அந்த வேடத்துக்கு வரலாம் என்று, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான சிட்னி நியூமன் 1986இலேயே யோசனை சொன்னார். ஜோடி விற்றேக்கர் தெரிவானது 2017இல். அப்போது எழுந்த இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பெரியாட்களுக்கு அது விளங்கியிராது. அவர்கள் கண்ட ஞானசவுந்தரி எல்லோரும் மாலையில் மீசை வழித்துவிட்டு வந்த ஆண்கள். கை வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட ராசகுமாரி, மாதாவின் கருணையால் கையைத் திரும்பப் பெறும் கதை. அந்தக் கண்ணீருக்கு முன்னால் தாடை நீலமாகத் தெரிந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இதே கதையைத் தமிழ்நாட்டில் 1948இல் இரண்டு நிறுவனங்கள் ஒரே வேளையில் படமாக்கின. சிட்டாடல் எடுத்த படத்தில் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள். ஜெமினி எடுத்ததோ எடுபடவில்லை. அதன் அதிபர் எஸ்.எஸ். வாசன் தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரே வருடத்தில் இரண்டு ஞானசவுந்தரி என்றால் சினிமாச் சனம் ஒன்றைத் தள்ளிவிடுகிறது. கூத்துச் சனம் இரண்டையும் வைத்துக்கொண்டு விடியும்வரை வாதாடுகிறது.

ஆளே மாறாத வேடமும் எங்கள் தீவில் உண்டு. பேசாலையில் தபசுகாலத்தில் காட்டப்படும் உடக்குப் பாஸில் ஆண்டவருடைய வேடத்தில் மனிதர் இல்லை. சுரூபங்கள்தான் பாடுகளைக் காட்டும், மறைவில் நிற்பவர்கள் அவற்றை இயக்குவார்கள். முகம் செதுக்கப்பட்டது செதுக்கப்பட்டதுதான். பாட்டன் கண்ட முகத்தையே பேரனும் காண்கிறான். அங்கே 'எந்த வருசத்து ஆண்டவர் திறம்' என்று கேட்க இடமில்லை. அந்த வேடத்துக்கு மனிதனை விடத் தயங்கியதில் பக்தியும் உண்டு, ஊர் நிதானமும் உண்டு. வெள்ளிக்கிழமை சிலுவையில் தொங்கியவன் திங்கட்கிழமை மீன் விலைக்குச் சண்டை பிடித்தால் என்னாவது?

ஜேர்மனியின் ஒபரம்மர்கௌ ஊரார் இந்த வில்லங்கத்தை வேறு வகையில் தீர்த்தார்கள். 1633இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்ட திருப்பாடுகள் நாடகம் 1634இல் தொடங்கி இன்றும் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2020இல் நடக்க இருந்தது கொவிட் காரணமாக 2022க்குத் தள்ளிப்போனது. நடிப்பவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்களாக, அல்லது இருபது வருடம் அங்கே வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். முன் வருடத்துச் சாம்பல் புதனிலிருந்து தாடியும் முடியும் வளர்க்க வேண்டும். தலைமை வேடங்களுக்கு இருவர் இருவராக ஆள் போடுகிறார்கள், கிறிஸ்துவுக்கும் இருவர், நாள் மாறி நாள் நடிப்பார்கள். நேர்த்தி, ஊர், இரண்டு ஆள் என்று மூன்றும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எங்கள் ஊர் அண்ணாவியார் யாரோ அங்கே போய் வேடம் பிரித்துக் கொடுத்தாரோ என்று தோன்றும். காசிக்கு அருகே இராமநகரத்து ராம்லீலாவில் இன்னும் கடுமை. 31 நாள் நடக்கும் அந்த லீலையில் ராமராக வருவது குரல் உடையாத சிறுவன். குரல் உடைந்ததும் ராமர் போய்விடுவார், வேறு பிள்ளை வருவான்.

நல்லவர் வேடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மன்னார் மண்ணில் மிகவும் சிக்கலான வேடம் சங்கிலியனுடையது. 1544இல், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்க் கிறிஸ்தவர்கள் சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொன்றான். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அந்த நினைவில் நிற்கிறது. அந்தக் கதையை ஆட வேண்டுமென்றால் செத்தவர்களின் வழிவந்த ஊரில் எவராவது ஒருவர் சங்கிலியனாக வேண்டும். ஆகிறார்கள். அதுவும் ஆசைப்பட்டு ஆகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் சங்கிலியன் கூத்து என்றதும் பூந்தான் யோசேப்பின் பெயரைத்தான் சொல்வார்கள், அவரும் கத்தோலிக்க அண்ணாவியார். கொன்றவனுடைய வேடம் கொலையுண்டவர்களின் கோயில் முற்றத்தில் இவ்வளவு பெருமை பெற்றதற்கு ஒரு காரணந்தான் எனக்குப் படுகிறது. சங்கிலியனுக்கு உரத்த பாட்டும் துள்ளலான ஆட்டமும் உண்டு. வேதசாட்சிகளுக்கு உருக்கமான பாட்டு. கேட்கிற காது பாவ புண்ணியம் பார்ப்பதில்லை.

யோசேப்பின் பெயரோடு ஒரு வேடம் ஒட்டிக்கொண்டதைச் சொன்னதால், பங்கீட்டுக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வேடத்தை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்வதும் எங்கள் நாட்டில் நடந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்து அரிச்சந்திரனாக நின்ற காலத்தில் வேறு அரிச்சந்திரனை நினைக்க வடபகுதிச் சனத்துக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரோடு ஒப்பிடப்பட்டே வாழ்ந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் வித்தியானந்தன் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. பல வருடம் கழித்து மட்டக்களப்பில் அதே நாடகத்தை அவர் நெறிப்படுத்தியபோது முடி மாணவர் தலைக்குப் போயிற்று. தான் ஆடிய வேடத்தை இன்னொருவருக்குப் பழக்குவது சின்ன மனசு உள்ளவர் செய்யக்கூடிய வேலை அல்ல. ட்ரவுட்டன்கூட ஐந்தாவது டொக்டரான பீற்றர் டேவிசனுக்கு ஒரேயொரு புத்திமதிதான் சொன்னார்: மூன்று வருடத்துக்கு மேல் நிற்காதே. டேவிசன் அதைக் கேட்டார். வைரமுத்துவிடம் அப்படிச் சொல்ல யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

தொலைக்காட்சி எங்கள் வீடுகளுக்கு வந்தபோது முகத்தின் ஆட்சி வந்தது. ரூபவாஹினி தொடங்கியது 1982இல். ஆனால் மன்னார்க் கரைக்கு இந்தியாவும் பக்கம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். 1995இல் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழும்பியபின், அன்ரெனாவை மேற்கே திருப்பினால் தூர்தர்ஷன் தெளிவாக விழுந்தது. பிறகு செய்மதி வந்தது. சென்னைத் தொடர்கள் வந்தன. அவற்றோடு திரையின் அடியில் ஓடும் அந்த வரியும் வந்தது: இவருக்குப் பதில் இவர்.

அந்த மூன்று சொல்லைக் கண்டதும் எங்கள் வீட்டில் எழும் ஏக்கத்தைக் கூத்துக் கொட்டகையில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வீட்டுப் பெண்களை உருட்டி மிரட்டிய மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 அன்று திடீரென்று இறந்தார். அந்த வேடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். வந்தவர் திறமைசாலி. மீசையும் பார்வையும் மிரட்டலும் குறைவில்லாதவர். ஆனாலும் சனம் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டு மாமி பல நாள் அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முற்றத்தில் இருந்தார். சனத்தைக் குறை சொல்ல முடியாது. தினமும் அரை மணி நேரம் முகத்தைக் கிட்டக் காட்டிக் கட்டிய வேடம் அது. முகத்தை எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள மெட்டு இல்லை, முடி இல்லை, நீலப் பெட்டியும் இல்லை. திரைக்குப் பின்னால் போனவர் எங்கே போனார் என்று சனத்துக்குத் தெரிந்துமிருந்தது. மரணம் நடந்த வீட்டில் 'பதில்' என்ற சொல் கொஞ்சம் கூர்மையானது.

எங்கள் ஊர்களில் அந்தச் சொல் வேறுவகையில் கூர்மையாயிற்று. 1990இல் தீவிலிருந்தும் கரையிலிருந்தும் சனம் படகேறி இராமேஸ்வரம் போயிற்று, மண்டபம் முகாமுக்குப் போயிற்று, மடுக்கோயிலுக்குப் போயிற்று. அதன்பின் கூத்துப் போட நினைத்த ஊருக்கு, முதல் ராசா ஒரு முகாமில், இரண்டாம் ராசா கனடாவில், அண்ணாவியார் கல்லறையில் என்ற நிலை. ஏடு வைத்திருந்த வீடும் சில இடங்களில் இல்லை. அப்போது ஆட வந்தவர்கள் இரண்டு வேடத்தையும் ஒருவராகவே ஆடினார்கள். பங்கிடுவதற்கு ஆள் இல்லாதபோதுதான் பங்கீடு என்பது ஊர் நிறைந்திருந்ததன் அடையாளம் என்று விளங்கியது.

யார் திறம் என்ற வாதத்துக்குச் சாட்சி வேண்டும். லண்டனிலும் அது முழுதாக இல்லை. அறுபதுகளின் ஒளிநாடாக்களை பி.பி.சி. இடத்துக்காகவும் மறுபாவனைக்காகவும் அழித்துவிட்டது. ஹார்ட்னல், ட்ரவுட்டன் காலத்து அத்தியாயங்களில் தொண்ணூறுக்கு மேல் இன்றும் படமாகக் கிடைக்கவில்லை. ட்ரவுட்டனைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்களில் பலர் அவருடைய டொக்டரைப் பாதிதான் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து வீட்டில் பதிவுசெய்த ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் காணாமற்போன அத்தியாயம் ஒவ்வொன்றுக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. முகம் போய்விட்டது, குரல் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு கசெட் உண்டு. பெரியப்பா கொட்டகைத் தூணில் கட்டிப் பதிவுசெய்தது. உறையில் நாடகத்தின் பெயரும் பெருநாளின் பெயரும் இருக்கின்றன, ஆடியவர்களின் பெயர் இல்லை. ராசா மகளை நினைத்துப் படிக்கிறார். பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ இருமுகிறார். லண்டன் மருமகன் கைத்தொலைபேசியில் அதைப் பதிவேற்றித் தந்தான். போன பெருநாளுக்குப் பெரியப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்திருந்து கேட்டார்கள். இது முதல் ராசா என்றார் பெரியப்பா. இல்லை, முதல் ராசா இவ்வளவு மேலே எடுக்கமாட்டார், இது பின்னவர் என்றார் அம்மா. மாமி ஒன்றும் சொல்லாமல் மறுபடி போடச் சொன்னார். அந்த இரண்டு ராசாவில் ஒருவர் அவருடைய தகப்பன்.